நடுவுள்ளவளின் வெந்நீர்

சேரன்மகாதேவி டீக்கடையில் ஈரவிறகு புகைந்த உடனே, நான் சிறுவயதில் இருந்த, இப்போது ஆளில்லாத மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடும், பனி சொட்டும் தகரக் கூரையும், அடுப்பில் கொதிக்கும் ஒற்றை வெந்நீர் அண்டாவும் நினைவில் ஏறின. முதலில் அக்கா குளிப்பாள், அடுத்து கடைசித் தம்பி. அடியில் ஆறிப்போன தண்ணீர் எனக்கு. ஒரு காலையில் முந்திக்கொண்டு முதல் செம்பை என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

“ஏட்டி, நடுவுள்ளவளுக்கு என்ன அவசரம்?” என்றாள் அம்மா.

“நடுவுள்ளவளுக்குக் குளிராதோ?”

“அப்ப நாளைக்கு நீயே வெறகு சுமந்து அடுப்பு மூட்டு. தெனமும் நாந்தான எந்திரிக்கேன்,” என்றாள் அக்கா.

“மூட்டுதேன்.”

மறுநாளிலிருந்து மூட்டினேன்; முதல் வெந்நீரும் எனக்கானது. இன்றும் விசேஷ வீட்டில் யாராவது என்னை ‘நடுவுள்ளவ’ என்று காட்டினால், என் பெயரைச் சொல்லித் திருத்திவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறேன்.