பாதிப் பல்லில் நின்ற வள்ளம்

விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் மெக்கானிக் பேச்சிராஜாவிடம் ஏச்சு வாங்காத உழவுச் சம்சாரி கிடையாது. ஆயில் மாற்றாதவன், உழுகிற வண்டியில் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போனவன், யாராக இருந்தாலும் வரவேற்பு ஒன்றுதான். "வண்டியக் கொல்லுததுக்குன்னே பொறந்திருக்கியாலே?" என்பார். ஏசி முடித்த பிறகுதான் ஸ்பானர் கைக்கு வரும். வேலையில் குறை சொல்ல முடியாது என்பதால் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

அவருடைய இடது கைப் பெருவிரல் நகம் மட்டும் நீளமாக இருக்கும். கியர் பல்லைத் தடவிப் பார்ப்பதற்காக விட்டு வைத்தது. கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது என்று ஒரு திமிர். "அந்த நகத்தோட என் தலமாட்டுல படுக்காதிய" என்று வீட்டுக்காரி செண்பகம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அந்தத் திமிரைத்தான் கீழவைப்பார் டிராக்டர் உடைத்துப் போட்டது.

வண்டி கீழவைப்பார் கடற்கரை மீனவன் ரோச்சுடையது. உழவு வண்டியாக ஓடி ஓய்ந்த பழசு. கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களைக் கயிறு போட்டு மணல் மேட்டுக்கு இழுக்க வாங்கிப் போட்டிருந்தான். முன்னால் வண்டி இழுக்கும், பின்னால் ஆட்கள் நின்று தள்ளுவார்கள். இழுக்கும்போது முதல் கியர் தானாகக் கழன்றது. கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் செத்துப் போயிருந்தன. மாற்றிக் கொடுத்தார். மறுபடியும் கழன்றது. கியர் பாக்ஸைத் திறந்தால் பல் மழுங்கியிருந்தது. மதுரையிலிருந்து புது கியர் வரவழைத்துப் போட்டு, வண்டியில் கல் ஏற்றி, விளாத்திகுளம் ரோட்டில் தானே ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார்.

அதுவும் கழன்றது. இந்தத் தடவை வள்ளம் பின்னால் சரிந்து, தள்ளிக்கொண்டு நின்ற கஸ்பார் என்ற கிழவரின் முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துவிட்டது. கஸ்பார் பாய்மரத் தோணியில் கொழும்புக்குப் போய்வந்த ஆள். கரையில் அவருக்குத் தனி மரியாதை. 'பேச்சிராஜா வேல பாத்த வண்டிதான் காலை எடுத்துச்சு' என்ற பேச்சு மீன் வண்டி ஏறி விளாத்திகுளம் சந்தை வரைக்கும் வந்துவிட்டது.

டிராக்டர் மூன்றாவது முறையாகப் பட்டறைக்கு வந்தது. பேச்சிராஜா அன்றைக்கு ரோச்சை ஏசவில்லை. அதுவே ரோச்சுக்குப் பயமாக இருந்தது.

பாக்ஸைப் பிரித்து, ஒவ்வொரு கியராக டீசலில் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்துச் சாக்கில் வரிசையாக வைத்தார். பேரிங்கை ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. ஷாஃப்ட் நேராக இருந்தது. குண்டும் ஸ்பிரிங்கும் போட்டது போட்டபடி இருந்தன. எல்லாம் சரியாக இருந்தால் எப்படிடா கழலும்? அவருக்கு மண்டை காய்ந்தது. டீசல் தகரத்தை ஓர் எத்து எத்தினார்.

"அண்ணாச்சி, மட்டமான இரும்பா இருக்குமோ?" என்றான் ரோச்.

"ஒன் வாய்தான் மட்டம். சும்மா கெட."

முதல் கியரை மடியில் வைத்துக்கொண்டு வெயில் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முன்பெல்லாம் பல்லின் முகத்தில் மேலிருந்து கீழாகத்தான் நகத்தை ஓட்டுவார். குழி, பொரிவு, கீறல் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இன்று எரிச்சலில் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓட்டினார். பாதியில் நகம் தட்டி நின்றது. அடுத்த பல்லிலும் அதே இடம். அத்தனை பல்லிலும் நடுவில் ஒரு படி. ஒரு பாதி தேய்ந்து, மறு பாதி கடையில் வாங்கின கருக்கு மாறாமல் இருந்தது.

அப்படியென்றால் கியர் முழுசாக உள்ளே போய்ச் சேரவே இல்லை. பாதிப் பல்தான் வள்ளத்தின் பாரத்தைச் சுமந்திருக்கிறது. போன தடவை கழற்றிய பழைய கியரைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து நகத்தை வைத்தார். அதிலும் அதே படி. அன்றைக்கே குறுக்கே ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லி ஏசிக்கொண்டார்.

முதல் கியர் விழ லீவரைப் பின்னால் கடைசி வரைக்கும் இழுத்துவிட வேண்டும். யாரோ அதை அங்கே போகவிடாமல் பிடித்திருக்கிறார்கள். எழுந்து போய் லீவரைப் பார்த்தார். குமிழுக்குக் கீழே பெயின்ட் வளையமாக உரிந்து பளபளத்தது. முன்னால் டேஷ்போர்டு கம்பியிலும், பின்னால் சீட்டுச் சட்டத்திலும் அதே பளபளப்பு.

"ஏலே ரோச்சு. இங்கன வா. இதென்னது?"

ரோச் தரையைப் பார்த்தான். "கயிறு கட்டுவோம்லா அண்ணாச்சி."

"கயிறா?"

"மொதத் தடவ கழண்டப்பவே கட்டினோம். மரம் ஆடாம நிக்கணும்னா முன்னயும் பின்னயும் இழுத்துக் கட்டணும்லா? பாய்மரத்துக்குக் கட்டுத மாதிரி."

"அது பாய்மரமாலே? கியர் லீவருலே! முன்பக்கக் கயிறு அதக் கடைசி வரைக்கும் போகவிடாம இழுத்துப் பிடிச்சிருக்கு. குண்டு மாத்தினதுக்கப்புறமும் எதுக்குலே கட்டினிய?"

"பயம்தான் அண்ணாச்சி."

"மூணு தடவ வந்திருக்க. ஒரு தடவயாவது கயித்தோட வந்தியா?"

"டாக்டர்ட்ட போகும்போது குளிச்சிட்டுத்தான போவோம்?"

பேச்சிராஜா ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார்.

இன்னொரு புது கியரைப் போட்டு மூடி, கீழவைப்பாருக்கு வண்டியோடு அவரும் போனார். கரையில் கூட்டம் கூடிவிட்டது. ரோச்சின் பெண்டாட்டி இசபெல்லா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி! கஸ்பார் பாட்டாக்கு இன்னொரு கால் மிச்சமிருக்குன்னு வந்தியளோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, வலைக் குவியலில் சாய்ந்திருந்த கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை.

"வள்ளத்துக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கப்படாது," என்றார் பேச்சிராஜா. சொல்லிவிட்டுத் தானே போய் வள்ளத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, வேண்டாம்!" ரோச்சின் கை சீட்டுக்கு அடியில் கயிற்றைத் தேடியது.

"கயித்துல கை பட்டுது, கைய ஒடிச்சிருவேன். லீவரக் கடைசி வரைக்கும் இழுலே!"

ரோச் இழுத்தான். டிராக்டர் முக்கியது. சக்கரம் மணலைக் கடித்தது. வள்ளம் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. மேட்டின் செங்குத்தான இடத்தில் இன்ஜின் திணறியபோது பேச்சிராஜா காலை மணலில் ஊன்றிக் கண்ணை மூடினார். கண்ணைத் திறக்கும்போது வள்ளம் மேட்டில் இருந்தது. கியர் கழலவில்லை.

"மாதா காப்பாத்திட்டா," என்றாள் இசபெல்லா. கியரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பேச்சிராஜா நேராக கஸ்பாரிடம் போனார். ஊர் வாயை அடைக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. "பாட்டா, ஒம்ம கால ஒடிச்சது என் வேல இல்ல. இவனுவ லீவர்ல கட்டின கயிறு. கேட்டுக்கிடும்."

கஸ்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவனுவளா? இவனுவளுக்கு என்ன தெரியும். அது நான் கட்டினதுலா."

"நீரா?"

"நாந்தான். ஒம்ம கியரு கழண்டுது, வள்ளம் சரிஞ்சுது, என் காலே போச்சு. ஆனா முடிச்சு அவுந்துச்சா? கேளும் ரோச்சுட்ட. முடிச்சு அப்படியே நின்னுச்சு." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பேச்சிராஜா டிராக்டருக்குத் திரும்பிப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து அந்த நைலான் கயிற்றை உருவிச் சுருட்டி, தன் டூல்ஸ் பைக்குள் திணித்தார்.

"அண்ணாச்சி, நல்ல கயிறு! வச்சுட்டுப் போங்க," என்று இசபெல்லா பின்னாலேயே வந்தாள்.

"தரமாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.