வாய் திறக்காத வான்கோழிகள்

நீவா ஸ்டெகால் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் சோள ரொட்டி சுட்டவள். பகலெல்லாம் நானூறு பிள்ளைகளின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் வெண்டல்.

வெண்டல் அவள் புருஷன். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுவது அவன் தொழில். ஒரு கன்றுக்குட்டியை விற்று முடிப்பதற்குள் முந்நூறு வார்த்தை பேசிவிடுவான். அதற்குத்தான் கூலி கொடுக்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் ஒரு பைசா வாங்காமல் அதே வேலையைச் செய்தான். பல் தேய்க்கும்போதும் பேசினான். இப்படியொரு மனுஷனைக் கட்டிக்கொண்டவளுக்கு வாய் திறக்க இடம் ஏது? ஊரார் நீவாவை வாயில்லாப் பூச்சி என்று நினைத்தார்கள். மனசுக்குள் அவள் பேசிய பேச்சு கேட்டிருந்தால் பாதிப் பேர் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

அமெரிக்காவின் ஓசார்க் மலையில் ஏப்ரல் பிறந்தால் ஆண்களுக்குத் தலைகால் புரியாது. வான்கோழி சீசன் மூன்றே வாரம். முதல் வாரத்தில் சேவல்கள் மரத்துக்கு மரம் கூவும். மரப்பெட்டியை உரசிப் பெட்டை மாதிரி சத்தம் கொடுத்தால் போதும், மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகத் துப்பாக்கி முன்னால் வந்து நிற்பார். மூன்றாவது வாரம் அப்படியில்லை. இலை அடர்ந்து இருபது தப்படிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பெட்டைகள் அடைகாக்கப் போய்விடும். சுடப்படாமல் தப்பித்த சேவல்கள் உஷாராகி வாயை இறுக மூடிக்கொள்ளும். கூவல் கேட்காத காட்டில் ஆண்களுக்குப் பொறுமை ஏது? பறவையே இல்லை என்று சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போய்விடுவார்கள்.

நீவா காட்டுக்குப் போனது அந்த மூன்றாவது வாரத்தில்தான். ஓய்வு பெற்ற வருஷம், வெண்டலோடு நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் பயந்துபோய் ஒரு வேட்டை பெர்மிட் வாங்கினாள். பின்பக்கத்து மேட்டில் பெரிய ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். துப்பாக்கியில் தோட்டாகூடப் போடவில்லை. அவளுக்கு வேண்டியது வான்கோழி இல்லை, யாரும் பேசாத மூன்று மணி நேரம். அன்றைக்கு ஒரு சேவல் சத்தமே இல்லாமல் நடந்து வந்து அவள் பூட்ஸை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மறுநாளிலிருந்து தோட்டா போட்டாள். எட்டு வசந்தத்தில் ஆறு சேவல். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ரகசியம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வெண்டலோ முப்பத்தொரு வசந்தமாக வெறுங்கையோடு திரும்பியதில்லை. இந்த வருஷம் எல்லாம் தப்பிவிட்டது. சீசனின் கடைசி நாளுக்கு முதல் நாள், சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டான்.

"நாளைக்கு நானும் உன் மேட்டுக்கு வர்றேன்."

நீவா கணக்குப் போட்டாள். அங்கே இவன் ஒரு பறவை அடித்தால் தொலைந்தது. அடுத்த வருஷம் ரமோனா காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும் மொத்தக் கூட்டமும் அந்த மரத்தடிக்கு வந்துவிடும். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மரம்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் விடமாட்டான்.

"வா" என்றாள்.

விடியும் முன்னே மேட்டில் உட்கார்ந்தார்கள். பக்கம் பக்கமாக ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, வெண்டல் பெட்டியை எடுத்து உரச ஆரம்பித்தான்.

"அதை உள்ள வை."

"சத்தம் குடுக்காட்டி நாம இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்னுதான்."

"ஏய் நீவா, ஏலத்துல எல்லாவனும் வாயை மூடிட்டு நின்னா நான் என்ன பண்ணுவேன்? இன்னும் ரெண்டு மடங்கு கத்துவேன். யாராவது ஒருத்தன் கையத் தூக்குவான். தொழில் ரகசியம்மா இது!"

"வான்கோழிக்குக் கையில்ல, வெண்டல்."

ஏழு மணி வரை பெட்டியை உரசினான். எட்டு மணி வரை உண்ணியைப் பற்றிப் பேசினான். அவள் கொண்டுவந்த பிஸ்கட்டையும் பன்றி இறைச்சியையும் ஒருவனே தின்று தீர்த்துவிட்டு, ஒன்பதரைக்குத் தொப்பியை முகத்தில் கவிழ்த்தபடி தூங்கிப்போனான். காடு ஒருவழியாக வாயடைத்தது.

பதினொன்றரை இருக்கும். காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் தட்டுப்பட்டது அந்தச் சத்தம். சேவல் கூவாமல் நெஞ்சுக்குள்ளேயே உறுமும் உறுமல். தூரத்தில் லாரி கிளம்புகிற மாதிரி இருக்கும். நீவா கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். வலது பக்கப் புதரிலிருந்து அது வந்தது. வாலில் ஓர் இறகு ஒடிந்த கிழட்டுச் சேவல். மூன்று வருஷமாக அவளுக்குத் தண்ணி காட்டியது அதேதான்! நெஞ்சில் தொங்கும் தாடி தரையைத் தொட, வெண்டலின் பூட்ஸிலிருந்து பதினைந்து தப்படியில் வந்து நின்றது.

நீவாவின் துப்பாக்கி முழங்கால்மேல் தயாராக இருந்தது. சுட்டால் மூன்று வருஷக் கணக்கு தீரும், ஆனால் வெண்டல் விழித்துக்கொள்வான். எழுப்பினால் அவன் சுடுவான். எப்படியானாலும் மேடு போய்விடும். வெண்டலைப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்கினான். முப்பத்தொரு வசந்தம், பாவம் என்று நினைத்தாள். ரொம்ப நேரம் நினைக்கவில்லை.

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருந்தாள். கிழட்டுச் சேவல் இரண்டு தரம் சிறகை விரித்துக் காட்டியது, ரசிக்க ஆள் இல்லை என்று முடிவுசெய்து, மெதுவாகச் சரிவில் இறங்கி மறைந்தது. அதற்கப்புறம்தான் நீவா மூச்சு விட்டாள். வயிறெரிந்தது.

வெண்டல் விழித்தபோது மணி பன்னிரண்டரை. "ஏதாச்சும் வந்துச்சா?"

"நீ நல்லாத் தூங்கினே."

"நான் தூங்கினாலும் என் காது தூங்காது. வந்திருந்தா கேட்டிருப்பேன்."

சட்டப்படி பகல் ஒரு மணிக்கு சீசன் முடிந்தது. ஒன்றரைக்கு ரமோனா கடையில் வெண்டல் ஏலக் குரலில் அறிவித்தான்: "அந்த மேட்டுல ஒரு குருவி கிடையாது! எனக்கே ஒண்ணும் மாட்டலேன்னா பாத்துக்கங்க. எவனாவது அங்க போனீங்க, அவனவிட முட்டாள் இந்த ஜில்லாவுலயே இல்ல."

நீவா ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் தீவனக் கடை கார்லிஸ் தலையை நீட்டினான்.

"அப்போ நம்ம நீவா வருஷா வருஷம் கொண்டாந்தாளே, அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சாம்?"

கடை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. நீவா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஆறு சேவல். அதில் ஒன்றுக்குக் காலில் இருந்த முள் ஒன்றேகால் அங்குலம், அவ்வளவு நீளம் கிழட்டுச் சேவலுக்குத்தான் வரும்.

"பள்ளத்து ரோட்டுல வண்டியில அடிபட்டுக் கிடந்துச்சு" என்றாள். "வீணாப் போகுதேன்னு எடுத்தாந்தேன்."

"ஆறுமா?"

"அந்த ரோட்டுல எல்லாரும் வேகமாத்தான் போறாங்க."

கடை அதிர்ந்தது. கார்லிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ரமோனாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை. போன மே மாதம் நீவா பொரித்த வான்கோழி நெஞ்சுக்கறியில் ஈயக்குண்டைக் கடித்துக் கடைவாய்ப் பல் உடைந்தது அவனுக்குத்தான். வண்டியில் அடிபட்ட கோழிக்குள் ஈயக்குண்டு எங்கிருந்து வரும்? அவளைப் பார்த்தான். அவள் நேராக அவன் கண்ணையே பார்த்தாள். முகம் சிவந்திருந்தது, இத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மேடு அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவனுக்கு உறைத்தது.

"என்ன வெண்டல்," கார்லிஸ் சீண்டினான், "உன் பொண்டாட்டி ரோட்டுல பொறுக்கினதயா தின்னே நீ?"

வெண்டல் வாயைத் திறந்தான். மூடினான். தன் தட்டில் மிச்சமிருந்த ஆப்பிள் பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.