அன்னதாதாவும் ஒரு தாம்புக் கயிறும்

போன வாரம் எனக்கு ஒரு பெரிய பதவி கிடைத்தது. எங்கள் கண்டிராக்டருக்குப் பட்டம் கண்டுபிடிக்கும் பதவி!

ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் ஜனங்களைத் தங்கச் சுரங்க வேலைக்கு அழைத்து வந்தவர் அவர். அதற்காக நாங்கள் அவருக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம் வாசிக்க ஆசைப்பட்டோமாம். அதை அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் வீட்டில் எழுத்து கற்ற முதல் ஆள் நான். எங்கள் குடிசை லைனிலும் வேறு ஆள் கிடையாது. தப்ப முடியுமா?

‘அன்னதாதா’ என்று எழுதினேன். அர்த்தம் கேட்டார். வடமொழியிலிருந்து வந்த வார்த்தை ஐயா... அன்னம் என்றால் சோறு, தாதா என்றால் கொடுப்பவர். பசித்தவனுக்கு இலை போட்டவரை இப்படி வாழ்த்துவார்கள் என்றேன்.

“நம்ம பாஷையில இன்னா சொல்லுவாங்க?”

“சோறு போடுறவருங்க.”

முகம் சுளித்தார். “சமையல்காரன் மாதிரி கீதே. அந்தப் பேரே இருக்கட்டும்.”

பட்டம் வேண்டும், அதில் அடுப்புப் புகை வாசம் மட்டும் வரக்கூடாது!

விழாவைச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு வாசலிலேயே வைத்தார். காலை ஷிப்டு முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவன் எங்கே ஓடுவான்? என் அண்ணனும் அந்த ஷிப்டுதான். வழக்கமாகப் பெண்டுகள் களியும் குழம்பும் எடுத்துவந்து அங்கேதான் நிற்பார்கள். மேலே வந்ததும் ஆண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று சட்டிகள் விழாவுக்கு அழகாக இல்லையாம். குறுக்கே ஒரு தாம்புக் கயிறு, அதில் மாவிலைத் தோரணம். பத்திரம் வாசித்து முடியும்வரை ஒருத்தியும் இந்தப் பக்கம் வரக்கூடாது; வந்தால் புருஷன் பேரை வேலையிலிருந்து அடித்துவிடுவாராம். அண்ணியும் கயிற்றுக்கு அப்பால் நின்றார், இடுப்பில் சட்டியோடு.

கேஜ் வந்தது. முகமெல்லாம் கல்தூள், வயிறெல்லாம் பசி. அவர்கள் முன்னால் நான் வாசித்தேன் — “எங்கள் அன்னதாதாவே!” யாருக்கும் புரியவில்லை. படித்த பிள்ளையாயிற்றே, விளக்கமும் சொன்னேன்: “அதாவது, நமக்குச் சோறு கொடுக்கிறவர்.”

முன்வரிசையில் நின்ற அண்ணன் மெதுவாகத்தான் பேசினார்.

“தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா. சோறு கயித்துக்கு அந்தாண்ட நிக்குது. அவருதான் குடுக்கிறவருன்னா, அத்த அவுக்கச் சொல்லேன்.”

அண்ணன் பேரை அடித்துவிட்டால்? அவர் பாறை உடைத்துத்தானே நான் பள்ளிக்கூடம் போனேன்...

கண்டிராக்டர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார் — ரொம்பப் பெரிய மனசோடு.

“அவுத்து வுடுங்கப்பா. துன்னட்டும், பாவம்.”

கூட்டம் கை தட்டியது! கட்டியவரே அவிழ்த்தால் அதற்குப் பெயர் தர்மம். வார்த்தை எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன, பட்டங்கள் இப்படித்தான் பிறந்திருக்குமோ?

மீதிப் பத்திரத்தை நான் வாசிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணி எனக்கும் ஒரு உருண்டை வைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னாமோ பேர் சொன்னியே, யாருக்கு அது?”

வாய் நிறையக் களி. நல்லவேளை, பதில் சொல்ல முடியவில்லை.