கை தூக்காத அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு, அவர் வாழ்ந்ததை உள்ளபடி சொல்ல விரும்புகிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது கண்டி நகரில். அப்பா மாநகர சபை ஊழியர். திருமணமாகி, கெலிஓயாவுக்கு மேலே உள்ள மலைக் கிராமத்துக்குப் போனார். அத்தான் இளவயதிலேயே மாரடைப்பில் காலமானார். பிள்ளைகள் இல்லை. பிலிமத்தலாவையில் எங்களோடு வந்து இருக்கும்படி எவ்வளவோ கேட்டோம். தையல் மெஷினை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். சிங்களம் நன்றாகப் பேசுவார் என்பதால், ஊரில் யாருக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை இருந்தாலும் அக்காவைத்தான் துணைக்கு அழைப்பார்கள்.

பிரதேச சபைத் தேர்தலுக்குப் பெண் வேட்பாளர் தேவைப்பட்டபோது, கட்சியின் அமைப்பாளர் வீடு தேடி வந்தார்.

"பேர மட்டும் குடுங்கக்கா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றாராம்.

பெயரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க அக்காவால் முடியவில்லை. வீடு வீடாக நடந்தார். வென்றார். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வருபவர்கள் உட்காரக் கதிரைகள் போதவில்லை. அத்தான் போன பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு, பிரதேச சபையின் குப்பையைக் கொட்ட ஊருக்கு மேலே இடம் பார்த்தார்கள். பக்கத்தில் ஓடும் ஓடையில்தான் கீழேயிருந்த சிங்களக் குடும்பங்கள் குடிதண்ணீர் எடுத்தன. அதற்கான தீர்மானம் சபையில் நிறைவேறினால் அக்காவின் ஊருக்குக் கொங்கிரீட் பாதை போட்டுத் தருவதாகக் கட்சி சொன்னது. ஊரே அந்தப் பாதைக்காகக் காத்திருந்தது. சபையில் அக்கா கை தூக்கவில்லை. ஒரு வாக்கால் தீர்மானம் தோற்றது.

அமைப்பாளர் கோபமாக வந்து கேட்டபோது, "அவங்க குடிக்கிற தண்ணியில குப்பைய கொட்டிட்டு, அந்த ரோட்டுல நான் எப்படித் தம்பி நடப்பேன்?" என்றார்.

அடுத்த தேர்தலில் கட்சி அவரைக் கூப்பிடவில்லை. அதை அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் விலகியதைத்தான் தாங்க முடியவில்லை. துணி தைக்கக் கொடுத்தவர்கள் டவுனுக்குப் போனார்கள். கோயிலில் அக்காவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. கீழே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியாது. அக்கா போய்ச் சொல்லவுமில்லை. சபையில் எதிர்க்கட்சியில் இருந்த ஒரு சிங்களப் பெண்மணி மட்டும் விடாமல் வந்துபோனார். மற்ற நாட்களில் வானொலியைப் போட்டுவிட்டு அக்கா தனியே சாப்பிட்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒன்றையே கேட்டார்.

"ஊர்லேருந்து யாராச்சும் வந்தாங்களா தம்பி?"

"இன்னும் வரலக்கா."

"மழையா இருக்கும். அந்தப் பாதையில எறங்குறது கஷ்டம்."

அன்று வெளியே நல்ல வெயில்.

இறுதிக் கிரியைகளுக்கு ஊர் முழுவதும் வந்தது. பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், அக்காவைத் தோளில் சுமந்து இறங்கியவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசிவரை அக்காவின் தலைமாட்டில் இருந்த அந்தச் சிங்கள அம்மாவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அக்கா ஒருவரையும் குறை சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இனி ஒரு பெண்ணிடம் பெயர் கேட்டுப் போகிறவர்கள், தேர்தல் முடிந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.

அன்புத் தம்பி