சூசை தொட்ட ராஜா

வாலிநோக்கத்திலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி டிரைவர் கோர்ட் வாசலில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "நம்ம சூசை போயிட்டாருங்க. முந்தாநாளே கல்லறையில வச்சாச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஏன் என்று எனக்கே தெரியும்.

இராமநாதபுரம் வாசகசாலை மாடியில் ஞாயிறுதோறும் அவரிடம் செஸ் பழகிய நண்பர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உப்பளத்தில் மூட்டைக் கணக்கு எழுதிய மனிதர், என்னைவிட இரண்டு வயது இளையவர், குடும்பஸ்தர்களான நம்மை முதல் நாலு மாதம் முழு ஆட்டமே ஆட விடவில்லை. ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு சிப்பாய், அவ்வளவுதான். போஸ்ட்மாஸ்டர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனதும், அடுத்த வாரமே திரும்பி வந்ததும் நினைவிருக்கும்.

நாமெல்லாம் நாட்டு ஆட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவித் தப்பலாம். போட்டி விதியில் அது கிடையாது. அந்தப் பழக்கத்தை ஒழிக்க, யோசித்து முடிக்கும்வரை நம் உள்ளங்கைகள் இரண்டின் மேலேயே நம்மை உட்கார வைத்தார். "மறக்கச் சொன்னா மூள மறந்துரும். கை மறக்காதுண்ணே" என்பார்.

தோற்றவனைத் தேற்றவும் மாட்டார். ஒரு நாள் தோற்றுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த எனக்கு, பக்கத்தில் இருந்தவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். சூசை அவரை அடக்கினார். "ஆறுதல் சொல்லாதீங்க. அடுத்த ஆட்டத்தையும் கெடுத்துருவீங்க." பலகையைத் திருப்பி வைத்து, நான் கோட்டைவிட்ட இடத்திலிருந்து எதிர்ப்பக்கத்தை என்னையே ஆடச் சொன்னார்.

உப்பின் வெளிச்சத்தில் அவர் கண் கெட்டுக்கொண்டிருந்தது. உப்பள வேலையை விட்டுவிடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மதுரைப் போட்டி வந்தது. முதலாவதாக வருபவருக்குக் குமாஸ்தா வேலை தருவதாக ஓர் ஆலைக்காரர் அறிவித்திருந்தார். கடைசிச் சுற்றில் சூசைக்கு எதிரே உட்கார்ந்தது நான். டிரா ஆனாலே அவருக்குப் போதும். எனக்கோ கோர்ட் வேலை இருந்தது. ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

அவருடைய ராஜா மூலையில் நெருக்கடியில் இருந்தது. வெகுநேரம் யோசித்தார். பிறகு கை ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரித் தாவவைத்தது. வைத்த மறுகணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நடுவர் வேறு மேஜையில் இருந்தார். யாரும் பார்க்கவில்லை.

"சூசை, ராஜாவத் தொட்டுட்டீங்க" என்றேன்.

"ஆமாண்ணே, தொட்டுட்டேன்."

தொட்ட காயைத்தான் ஆடவேண்டும். ராஜாவுக்குப் போக இருந்தது ஒரே கட்டம். அங்கே வைத்தார். அதற்கப்புறம் இரண்டே நகர்வுதான், நான் ஜெயித்துவிட்டேன்.

நடந்தது தெரிந்ததும் உங்களில் சிலர் என் முகத்துக்கு நேராகவே காறித் துப்பாத குறையாகப் பேசினீர்கள். விதிதானே என்று வாதாடினேன். கோர்ட்டில் பழகிய வாய். முதலாவதாக வந்த எனக்குக் கிடைத்த ஆலை வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். அதை சூசைக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். தங்கள் உறவுக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். சூசை உப்பளத்திலேயே இருந்தார். கண் மங்கி, பாத்தி வரப்பில் தடுக்கி விழுந்து, காலில் பட்ட புண் முற்றித்தான் போயிருக்கிறார் என்று டிரைவர் சொன்னார். பாவி நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

மதுரையிலிருந்து திரும்பிய பத்தாம் நாள் அவரிடமிருந்து ஒரு தாள் வந்தது. கண் மங்கியவர்கள் எழுதுகிற பெரிய பெரிய எழுத்து. "அண்ணே, நான் ராஜாவைத் தொடாவிட்டாலும் அது தோற்ற ஆட்டம்தான். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்." கீழே அதற்கான நகர்வுகள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு தடவைகூடப் பலகையில் வைத்துச் சரிபார்க்காமல் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

செய்தி கேட்ட அன்று மாலைதான் காய்களை அடுக்கி, அந்தத் தாளை வரிவரியாக ஆடிப் பார்த்தேன். முதல் வரியிலேயே, ராஜாவைத் தொடாமல் அவருடைய யானையை ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும், ஆட்டம் டிரா. அவரிடம் சேர்ந்து ஆறு மாதம் ஆனவனுக்கே அது தெரியும். அவருக்குத் தெரியாமல் இல்லை. நண்பர்களே, சூசை எழுதியதிலேயே பொய்யான தாள் அது ஒன்றுதான். அதை எனக்காக எழுதினார். என்னிடம்தான் இருக்கிறது.