பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாடு

2023 ஓகஸ்ட் இருபத்துநான்காம் திகதி, ஒரு வியாழக்கிழமை, கிறிஸ்ரினா பேசாலையை விட்டுப் புறப்பட்டாள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் விடியவே வாசலில் வந்து நின்றது. அப்பா சிங்கராசா கிணற்றில் தோய்ந்து, சேட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்துக் கதிரையில் இருந்தார். ஆனால் அவர் வானில் ஏறப்போவதில்லை. இருதயம் பலவீனம், தூரப்பயணம் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஐந்து மாதம்தான். பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் படித்துக்கொண்டிருந்த அவளைப் பரிமாற்ற மாணவியாக லித்துவேனியாவில் ஒரு துறைமுக நகரத்துக்கு அனுப்பினார்கள். சிங்கராசா அந்த நாட்டின் பெயரை ஒரு கிழமையாக வாய்க்குள் உருட்டிப் பழகி, சந்தியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வானில் ஏறமுதல் கிறிஸ்ரினா அம்மா மக்டலினைக் குசினி அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பாவுக்கு ஏதும் எண்டால் எனக்குச் சொல்ல வேணும், அம்மா. என்ன நடந்தாலும் மறைக்கக் கூடாது."

"ஓம் ஓம், சொல்லுறன். வான்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான், நட."

போன இடம் அவளுக்குப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது. விடுதியில் மூன்றாம் மாடி. அறைத்தோழி ஜோர்ஜியாக்காரி, சிரிப்பாள், பிறகு காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். குசினியில் ஆளுக்கொரு அலுமாரித் தட்டு, தட்டில் பெயர். முதல் நாளே கிறிஸ்ரினா ஆரோ ஒருத்தியின் சட்டியில் சோறு வைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல் தெரியாமல் நின்றாள். வகுப்பில் பேராசிரியரை எல்லாரும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்கு நாக்கு வளையவில்லை; கேள்வி இருந்தாலும் கேட்காமல் விட்டாள். கடலில் உப்பே இல்லை. ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தபோது பேசாலைக் கடலின் ஐந்திலொரு பங்குதான் வந்தது. ஒக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்க, பேசுவதற்கு ஆளில்லாமல் நாட்கள் போயின.

அவளை நிமிர்த்தி வைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிங்கராசா போனுக்கு முன்னால் வந்து இருப்பார்.

"அங்கத்தைக் கடலிலை என்ன படுது?"

"சூடை மீன் மாதிரி ஒண்டு, அப்பா. இனிப்பும் புளியும் போட்டு ஊறவைச்சுப் பச்சையாத் தின்னுதுகள்."

"அப்ப அடுப்பு மிச்சம் எண்டு சொல்லு."

நவம்பர் ஐந்தாம் திகதி அப்படிச் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவர் நித்திரை என்றாள் மக்டலின். அதற்கடுத்த ஞாயிறு தொண்டை கட்டியிருக்காம், கதைக்க ஏலாதாம். பிறகு கிளினிக்குக்குப் போய்விட்டாராம். மக்டலினும் முகம் காட்டவில்லை; போனில் கமரா பழுதாம். திருத்தக் குடுக்கச் சொன்னால், திருத்துகிறவன் ஊரில் இல்லையாம். கிறிஸ்ரினா சித்தப்பா பேதுருவுக்கு எடுத்தாள். அவர் கடலுக்குப் போற அவசரம் என்று வைத்துவிட்டார். ஆனாலும் சொல்வதாக அம்மா சொன்னவள்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

டிசம்பர் நடுப்பகுதி. ஆய்வுகூடத்தில் மீன் செதில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கனடாவில் இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியிடமிருந்து "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று வந்தது. கூடவே ஒரு படம்: மரண அறிவித்தல். அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்திருந்தார்கள். கீழே, "அன்னார் மக்டலினின் அன்புக் கணவரும், கிறிஸ்ரினா (லித்துவேனியா) அவர்களின் பாசமிகு தந்தையும் ஆவார்." இறந்தது நவம்பர் ஒன்பதாம் திகதி. முப்பத்தோராம் நாள் பூசைகூட முடிந்துவிட்டது.

அவள் கையுறையைக் கழற்றாமலே அம்மாவுக்கு எடுத்தாள். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. பெட்டி எத்தனை மணிக்கு மூடினது என்றுதான் கேட்டாள். மூன்றரைக்கு என்றாள் மக்டலின். பிறகு அவளாகவே கதைத்தாள்.

"நீ வெளிக்கிட்டு வந்தால் பேரை வெட்டிப்போடுவாங்கள், பிள்ளை. எனக்குத் தெரியாதே?"

தெரிந்துதான் சொன்னாள். கிறிஸ்ரினா பிறக்க இரண்டு வருஷம் முன்னம், தமிழ்நாட்டில் அவர்கள் இருந்த அகதி முகாமில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். வேறொரு முகாமில் தன் தகப்பன் செத்த செய்தி கேட்டு மக்டலின் புருசனோடு அனுமதி இல்லாமல் ஓடினாள். மண் போட்டுவிட்டு மூன்றாம் நாள் திரும்பினபோது பதிவில் பெயர் இல்லை. அரிசி இல்லை. இருந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த மாரி முழுக்க அவளும் புருசனும் ஆரோ வீட்டுத் தாழ்வாரத்தில் நனைந்தார்கள்; மறுவருஷம்தான் திரும்பவும் முகாமில் பதிந்தார்கள். விடுதி, பதிவு, அட்டை என்று மகள் சொன்னதெல்லாம் அவளுக்கு அந்த முகாமாகவே கேட்டிருக்கிறது.

"அப்ப என்ரை பேருக்குப் பக்கத்திலை நாட்டை ஏன் போட்டனீங்கள்?"

"பேதுருதான் கேட்டவர். ஊர்ச் சுவரிலை ஒட்டுறதுக்குத்தானே எண்டு நினைச்சன். அந்த மனுசன் எவ்வளவு ஆசையாச் சொல்லித் திரிஞ்சது. போடாமல் விட எனக்கு மனம் வரேல்லை."

அறைத்தோழி அன்றைக்குத்தான் காதில் செருகியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். பல்கலைக்கழகக் கந்தோரில் போய்ச் சொல்லச் சொன்னாள். கிறிஸ்ரினா போகவில்லை. அவளும் அந்த முகாமில் பிறந்தவள்தான். கந்தோரில் வாய் திறந்தால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. ஜனவரியில் சோதனை எழுதினாள். புள்ளி போதாமல் ஒரு பாடம் பிழைத்தது. மாதக் கடைசியில் ஊருக்கு வந்து, விமான நிலையத்தில் போட்டிருந்த குளிர் உடுப்போடேயே அப்பாவைப் புதைத்த சேமக்காலைக்குப் போனாள். மண் இறுகி, குத்திய மெழுகுதிரிகள் உருகிக் கிடந்தன. மக்டலினோடு பல நாள் தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

லித்துவேனியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. பாடம் பிழைத்ததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம். "அப்பா இறந்துவிட்டார், போக முடியவில்லை" என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள்.

அந்த வருஷம் ஒக்டோபரில், தாயும் மகளும் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கறுப்புச் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்த மக்டலின், "ஆர்?" என்றாள்.

"அங்கத்தைக் கந்தோர்."

"என்னவாம்?"

கிறிஸ்ரினா கையைத் துடைத்துவிட்டுத் தமிழாக்கி வாசித்தாள்.

"உங்கள் படிவம் இன்றுதான் என் பார்வைக்கு வந்தது. தந்தையின் மறைவுக்கு மிகவும் வருந்துகிறேன். இப்படியான நேரத்தில் மாணவர்கள் இரண்டு கிழமை ஊருக்குப் போய்வரலாம். பயணச்சீட்டை நாங்களே எடுத்துத் தருவோம், திரும்பி வரும்வரை அறையும் அவர்களுக்கே இருக்கும். நீங்கள் எங்களிடம் கேட்டதாகப் பதிவில் எதுவும் இல்லை. தயவுசெய்து ஏன் என்று எழுதுங்கள்."