ஜிப் அக்கா எழுந்து நின்றால்

ஜிப் அக்கா நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் பையை நீட்டுவார்கள். அவள் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பல்லே போயிருந்தால் உதட்டைப் பிதுக்குவாள். ரன்னர் மட்டும் கழன்றிருந்தால் ஒரு விரலைக் காட்டுவாள். ஒரு மணி நேரம் கழித்து வா என்று அதற்கு அர்த்தம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பை தைக்கும் பட்டறைக்குப் போனவள். முப்பது வருடமாக அந்த வட்டாரத்துப் பைகள் எல்லாம் அவள் மடியில் ஒருமுறையாவது கிடந்து எழுந்திருக்கின்றன.

"ஊருக்கெல்லாம் ஜிப்பு போட்டு மிச்சமானதைத் தன் வாய்க்கும் ஒண்ணு போட்டுக்கிட்டா" என்பார் அவள் வீட்டுக்காரர். அவள் சிரிப்பாள். அதற்கும் சத்தம் வராது.

கடை ஒரு கதவு அகலம்தான். இந்தப் பக்கம் மருந்துக்கடை, அந்தப் பக்கம் பூட்டு ரிப்பேர். வெளிச்சம் வேண்டும் என்று மெஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருந்தாள். தெரு என்றால் தெரு இல்லை, நாலு லாரி பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற பெரிய சாலை. கடை இருக்கிற பக்கம் வீடுகள். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம். நடுவில் சிக்னலும் கிடையாது, கடப்பதற்கு ஒரு வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஓடப் பயந்தவர்கள் கால்வாய்வரை நடந்து, அதன்மேல் சாலை போகிற பாலத்துக்கு அடியில் கரையோரமாகப் போகிற பாதையில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஏற வேண்டும். இருபது நிமிடம் கூடுதல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளை அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ சரிந்த சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சைக்கிள் ஒரு பக்கம் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக் காவல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் ஒரு பக்கம் கிடக்கிறார். இடித்த வேன் நிற்கவேயில்லை. உயிர் தப்பியது. ஆனால் முழங்கால் அதன்பிறகு மடங்கவில்லை. இப்போது அவர் காலை நீட்டியபடி கடையில் உட்கார்ந்து, பழைய ஜிப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறார்.

அதிலிருந்துதான் அக்காவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. யாராவது கடப்பதற்காகச் சாலை விளிம்பில் கால் வைத்தால், தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வாசலில் நிற்பாள். கூப்பிட மாட்டாள், கையும் காட்ட மாட்டாள். நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை முதுகில் படும்போது கடக்க வந்தவர் காலைப் பின்னால் எடுப்பார். திரும்பிப் பார்ப்பார். பிறகு பாலத்தைப் பார்த்து நடப்பார். நாளடைவில், "அங்க கடக்காதே, ஜிப் அக்கா எந்திரிச்சிடுவா" என்று வீட்டுக்கு வீடு சொல்ல ஆரம்பித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள்கூட முதலில் கடை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் சாலையைப் பார்த்தார்கள்.

கேட்காதது ஒரே ஒரு ஆள்தான், அவள் பெற்ற மகள்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. அப்பா விழுந்த அதே சைக்கிளை நிமிர்த்தி, அதிலேயே போய்வந்தாள். "பாலத்தடி சேத்துல சைக்கிளைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? ரோடு நமக்கும் சேர்த்துத்தாம்மா போட்டிருக்கு" என்பாள். தினமும் இரண்டு தடவை அக்கா எழுந்து நிற்பாள். தினமும் இரண்டு தடவை மகள் கடப்பாள்.

அந்த மகளும், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும் சேர்ந்துதான் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கூட்டம் ஜிப் கடையில்தான். ஐந்து பேர் வந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி, சாலை அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். ஒரு சிக்னல் விளக்கு, ஒரு வெள்ளைக் கோடு. அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது.

"போன மாசம் ஆள் வந்து எண்ணிட்டுப் போயிருக்காங்கம்மா. நமக்குச் சொல்லல. ஒரு மணி நேரத்துக்கு நூறு பேர் நடந்து கடக்கணுமாம். அப்படி ஒரு நாள்ல நாலு மணி நேரமாவது இருக்கணுமாம். இருந்தாத்தான் சிக்னல்."

"எத்தனை பேராம்?" என்றாள் மகள்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பத்தொன்பது."

அக்காவுக்கு நினைவு வந்தது. எதிர்ப்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்த நாள். கையில் ஏதோ சின்னதாக வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். கேபிள் ஆட்கள் என்று நினைத்தாள். அன்றைக்கும் அவள் ஓயாமல் எழுந்து நின்றிருந்தாள். எழுபது எண்பது தடவை இருக்கும்.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டோம்" என்றார் வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

தபால்காரர் விடவில்லை. அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, இன்னொரு தரம் எண்ணச் சம்மதிக்க வைத்தார். இதிலும் எண்ணிக்கை வராவிட்டால் அடுத்து மூன்று வருடம் கழித்துத்தான் கேட்க முடியும். இந்த முறை தேதியும் சொன்னார்கள்.

"ஒருத்தரே போய்ப் போய் வர்ற வேலையெல்லாம் வேணாம், அது மோசடி" என்றார் தபால்காரர். "அவங்கவங்க வேலைக்குப் போறவங்க சுத்தாம நேரா போகட்டும். அது போதும்."

"அம்மா" என்றாள் மகள். "அன்னைக்கு ஒரு நாள் நீ எந்திரிக்கக் கூடாது. வீடு பத்தி எரிஞ்சாலும் உக்காந்தே இருக்கணும்."

அக்கா தலையாட்டினாள். பிறகு, யாரும் எதிர்பாராமல், வாயைத் திறந்தாள். "அன்னைக்கு ஒரு நாள் நீயாவது சுத்திப் போடி."

"நானே சுத்திப் போனா நல்லாவா இருக்கும்?"

எண்ணுகிற நாள் வந்தது. அக்கா தன்னை நம்பவில்லை. கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் வெளியே ஸ்டூல் போட்டுக் காலை நீட்டினார். நாற்காலிக்காரர்கள் இரண்டு பேரும் வந்து, இந்த முறை கடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். வந்ததும் ஒரு விஷயம் சொன்னார்கள். சைக்கிளில் ஏறிப் போனால் வண்டிக் கணக்கு. இறங்கி உருட்டிக்கொண்டு போனால்தான் ஆள் கணக்கு.

"இறங்கினா ரெண்டு மடங்கு நேரம் ஆகும் சார், நடு ரோட்டுல" என்றாள் மகள்.

"நான் என்னம்மா பண்றது? எண்ணச் சொன்னாங்க, எண்ணுறேன்."

மகள் இறங்கி உருட்டினாள். போய்ச் சேர்ந்தாள்.

ஷட்டர் இடுக்கில் குனிந்து வீட்டுக்காரர் அவ்வப்போது சேதி சொன்னார். "ஏழுல இருந்து எட்டு, நூத்தி நாலு. ஓடுறாங்க பாரு... அய்யோ, நீ பாக்காதே." அடுத்த மணி நேரம் நூற்று முப்பத்தொன்று. மதியம் ஷிப்ட் மாறும்போது நூற்று ஒன்பது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அக்காவின் கால் பெடலில் நின்றது. ஒரே பையில் மூன்று தடவை ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள். முப்பது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

நாலாவது மணி நேரத்துக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை மிச்சம் இருந்தது. ஐந்து நாற்பதுக்கு எண்பத்தொன்று.

"வந்தாச்சு" என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி சலவைப் பொம்பளைங்க நிக்கிறாங்க. முப்பது பேர் இருப்பாங்க. முன்னால நம்ம பொண்ணு, சைக்கிளோட. இதோ இறங்கிட்டா. முடிஞ்சதுடி, நூறு தாண்டி..."

அவர் பேச்சு நின்றது.

நீளமான ஒரு ஹாரன். அதன் மேலேயே பிரேக் கிரீச்சிடும் சத்தம்.

அக்கா ஷட்டரைத் தூக்கியது அவளுக்கே தெரியாது. வாசலில் நின்றாள். நடுச் சாலையில் ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் பஸ். இரண்டுக்கும் இடையில் சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். லாரி அவள் தோளை உரசாத குறையாகப் போயிற்று. பஸ் போயிற்று. மகள் மீதித் தூரத்தைத் தானே உருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். சைக்கிள் மணியின் மூடி மட்டும் எங்கேயோ போயிருந்தது.

ஆனால் அந்தப் பக்கம் முப்பது பேரும், ஜிப் அக்கா எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி திரும்பினாள். பின்னாலேயே இன்னொருத்தி. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போதும் போல, வரிசையாகப் பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

"போகாதீங்க!" என்று மகள் கத்தினாள். சாலையின் இரைச்சலில் அது அங்கே போய்ச் சேரவில்லை. அக்கா கையை உயர்த்தி வா என்று காட்டினால் போதும், அவர்கள் வருவார்கள். அது அவளுக்குத் தெரியும். கை எழவில்லை. வரச்சொல்லி யார் மேலாவது ஏதாவது ஏறிவிட்டால்?

ஆறு மணிக்கு நாற்காலிக்காரர் கருவியைப் பார்த்துச் சீட்டில் எழுதினார். எண்பத்தாறு. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். பிறகு நாற்காலிகளை மடக்கி எடுத்துக்கொண்டு போனார்கள்.

"பதினாலு பேரும்மா" என்றாள் மகள். "இன்னும் இருபது நிமிஷம் உன்னால உக்கார முடியலையா?"

"முடியலடி."

"நானும் எந்திரிக்கத்தான் பார்த்தேன்" என்றார் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி. "காலு வரல."

தபால்காரர் ஒன்றும் திட்டவில்லை. மனு நகலை மடித்து அக்காவின் நூல்கண்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். "மூணு வருஷம்" என்றார். அவருக்கு எழுபத்தி நாலு வயது.

மறுநாள் காலையில் மகள் சைக்கிளை இறக்கினாள். கடைக்கு எதிரே சாலை விளிம்பில் போய் நின்றாள். பக்கத்தில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அக்கா மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். குழந்தையோடு நின்றவள் திரும்பிப் பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தாள்.

மகள் திரும்பவில்லை. சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். லாரி ஒன்று போனது. இன்னொன்று வந்துகொண்டிருந்தது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.